அம்சவள்ளியின் புயல் பை

தனக்கு வேண்டியதைச் சரியாகத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவளுக்கு ஊருக்கு வேண்டியதையும் தேர்ந்தெடுக்கத் தெரிந்துவிடுமா? கல்யாணமாகி வந்த நாள் முதல் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருக்கும் அம்சவள்ளியின் முன்னால் இந்தக் கேள்வி ஒரு டார்ச் லைட்டும் ஒரு கத்தியுமாக வந்து நின்றது.

முந்தைய புயலின்போது அவள் தெருவில் பாதிப் பேர் பாதுகாப்பு மையத்துக்கு வரவில்லை. இருட்டில் கால் வைக்கப் பயம் என்றார்கள் சிலர். கட்டிப் போட்ட ஆட்டை விட்டுவிட்டு எப்படி வருவது என்றார்கள் சிலர். பக்கத்து வீட்டு ராசம்மாளின் தகரக் கூரை பெயர்ந்து விழுந்தது. அதை இழுத்துக் கட்டியிருந்த நைலான் கயிறு வாசற்கதவைச் சுற்றிக்கொண்டது. அறுப்பதற்கு அரிவாள்மனையைத் தவிர யார் கையிலும் ஒன்றும் இல்லை. ராசம்மாளை எப்படியோ வெளியே எடுத்துவிட்டார்கள். அவளுடைய இரண்டு விரல்கள் மட்டும் இன்றைக்கும் மடங்குவதில்லை.

அடுத்த தை மாதம் ஒரு தொண்டு நிறுவனம் வீட்டுக்கு ஒரு அவசரப் பை தர முன்வந்தது. மருந்தும் தார்ப்பாயும் அவர்களே வாங்குவார்கள். டார்ச்சும் கத்தியும் எப்படிப்பட்டவை வேண்டும் என்று ஊர்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். ஊர், மகளிர் குழுத் தலைவி அம்சவள்ளியைக் கை காட்டியது. அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. அடுத்த முறை அவள் போய்க் கிளம்பச் சொன்னால் தெரு கிளம்புமா என்பது அந்தப் பையின் மேல் வைக்கும் நம்பிக்கையைப் பொறுத்தது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு நாள் யோசித்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டாள்.

ஒப்புக்கொண்டபின் அவசரப்படவில்லை. மாதிரிக்கு வந்தவற்றையெல்லாம் கொண்டுபோய் உப்பளத்து மோட்டார் கொட்டகையில் ஆணியடித்து மாட்டினாள். கோடை முழுக்க அவை உப்புக் காற்றில் தொங்கின. சார்ஜ் போடுகிற டார்ச்சில் ஒயர் செருகும் துளை பச்சை பூத்து அடைந்துபோனது. இரும்பு உடம்பு டார்ச்சின் பொத்தான் இறுகிவிட்டது. சாதாரண பேட்டரி போடுகிற பிளாஸ்டிக் டார்ச் மட்டும் அசையாமல் எரிந்தது. மடக்குக் கத்திகள் மூட்டில் உப்பு ஏறித் திறக்க மறுத்தன. மடக்காத கத்திகளில், கதிர் அரிவாளைப்போல் பல் வைத்த ஒன்றுதான் ஈர நைலான் கயிற்றை வழுக்காமல் அறுத்தது. அதையே எடுத்துக்கொண்டு, நெரிசலில் பிள்ளைகள் மேல் குத்திவிடாதிருக்க நுனியைப் பட்டறையில் மழுக்கச் சொன்னாள். இதுவரைக்கும் யாரும் குறை சொல்ல முடியாத வேலைதான்.

பைகளை ஐப்பசிக்கு முன்பு அவள் சொன்னபடி கட்டி வீடு வீடாகக் கொடுத்தார்கள். அதன்பின் ஒரு மத்தியானம் பாதுகாப்பு மையத்தில் ஒத்திகை வைத்தாள். ஜன்னல்களை அடைத்து, கோணி தொங்கவிட்டு, பைகளைத் திறக்கச் சொன்னாள்.

ஒரு டார்ச் கூட எரியவில்லை. பேட்டரிகள் பாலிதீனில் சுற்றி, ரப்பர் போட்டுத் தனியே இருந்தன. இருட்டில் ஆளாளுக்கு ரப்பரைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். கத்தியை எடுத்த ராசம்மாளின் கையிலிருந்து அது வழுக்கி, அவள் கால் விரலுக்குப் பக்கத்தில் தரையில் விழுந்தது. அலகிலிருந்து பிடி வரைக்கும் எண்ணெய்.

கோணியை விலக்கினார்கள். உப்பள மேஸ்திரி அசோகன் இரண்டு பேட்டரிகளையும் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“ஏம்மா அம்சா, சீசன் முடிஞ்சி சாமானை எடுத்து வெக்கிற மாதிரி வெச்சிக்கீறியே. புயலு வாசல்ல நிக்கும்போது நான் பேட்டரிக்குத் தலை எது, வாலு எதுன்னு தடவினு இருக்கணுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். அம்சவள்ளிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது அப்படியே உண்மை. மழை தொடங்கினால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். மண்வெட்டிக்கும் உப்பு வாரும் பலகையின் ஆணிகளுக்கும் எண்ணெய் தடவி, நெற்றி விளக்குகளின் பேட்டரிகளைக் கழற்றிச் சுற்றி, எல்லாவற்றையும் தை மாதம் வரை தூங்க வைப்பார்கள். அவள் கைக்கு அந்தப் பழக்கம் ஊறிப்போயிருந்தது. மழைக்காலத்தில் விழித்திருக்க வேண்டிய பையையும் அவள் மழைக்காலத்துக்காகத் தூங்க வைத்துவிட்டாள்.

திண்டிவனத்தில் எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கும் தன் மருமகனிடமே பொறுப்பை விட்டுவிடலாம் என்றார் அசோகன். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். அம்சவள்ளி எழுந்து நின்றாள்.

“நீங்க சொல்றது சரிதாண்ணா. தப்பு என்னுது. எல்லாரும் பையை இங்கயே வெச்சிட்டுப் போங்க. அமாவாசைக்குள்ள திருப்பித் தரேன். அப்பவும் சரியில்லன்னா உங்க மருமவனையே கூப்டுக்குங்க.”

குழுப் பெண்கள் நாலு பேரும் அவளும் உட்கார்ந்து ஒவ்வொரு பையாகப் பிரித்தார்கள். பேட்டரிகள் டார்ச்சுக்குள் போயின. கத்திப் பிடியில் எண்ணெயைச் சாம்பல் போட்டுத் தேய்த்து எடுத்து, பழைய சைக்கிள் டியூப்பைக் கீறி இறுக்கமாகச் சுற்றினார்கள். எண்ணெய் அலகோடு நின்றது. உள்ளேயே கிடந்தால் பேட்டரி கசியுமே என்பதற்கும் அவள் ஒரு வழி வைத்தாள். ஒவ்வொரு அமாவாசையும் படையல் முடிந்த கையோடு டார்ச்சை வாசலில் ஒருமுறை எரித்துப் பார்த்து, பேட்டரியைத் துடைத்துப் போட வேண்டும். சர்ச்சுக்குப் போகிற வீடுகள் மாதத்தின் முதல் ஞாயிறு அதைச் செய்யலாம். கேட்டவர்கள் கேலி செய்யவில்லை. அடுத்த அமாவாசை அன்று தெருவில் வாசலுக்கு வாசல் வெளிச்சம் விழுந்தது.

கார்த்திகையில் புயல் வந்தது. பொழுது சாய்வதற்குள் கரண்ட் போய்விட்டது. அம்சவள்ளி பாத்தி வேலைக்குக் கட்டும் பழைய விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, ஒவ்வொரு கதவையும் ஒருமுறை தட்டினாள். இரண்டாம் முறை எந்தக் கதவையும் தட்ட வேண்டியிருக்கவில்லை.

மையத்தின் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். உப்பளக் கரை மேல், மழைக்குள், வெளிச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. முதலில் வந்தவர் அசோகன். கழுத்தில் டார்ச், பின்னால் மூன்று ஆடுகள், அவற்றின் கழுத்தில் அறுந்த கயிற்றுத் துண்டுகள்.

“ஒரே இழுப்புல அறுந்துச்சு,” என்றார். அவரிடமிருந்து அவ்வளவு வந்ததே பெரிது என்று அம்சவள்ளிக்குத் தெரியும். தெருவே உள்ளே வந்து சேர்ந்தபின் அவள் ஈரப் புடவையோடு வாசலில் நின்ற விதத்தில், உப்பளத்தில் யாரும் அதற்கு முன் பார்த்திராத ஒரு நிமிர்வு இருந்தது.

விடிந்ததும் ராசம்மாள் தைலம் தேடி அம்சவள்ளியின் பையைத் திறந்தாள். உள்ளே பேட்டரிகள் பாலிதீனில் சுற்றி, ரப்பர் போட்டுத் தனியே இருந்தன. கத்தி பிடி வரைக்கும் எண்ணெயில் மின்னியது.

“ஏண்டி, ஊர்ப் பையெல்லாம் மாத்தின. உன்னுத மட்டும் அப்படியே வெச்சினுக்கீறியே?”

“என் கைக்கு இதான் பழக்கம், இருட்டுலயும் தடவிப் போட்டுக்குவேன். ஊருக்கு அது ஆவாது,” என்று அம்சவள்ளி தைலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பையை மூடினாள்.

அடுத்த அமாவாசை அன்றும் தெருவெல்லாம் டார்ச் எரிந்தது. அவள் தன் பையைத் திறந்து, கத்திக்குப் பிடி வரை புது எண்ணெய் தடவி, பேட்டரிகளை மறுபடி பாலிதீனில் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.