தொட்டி கழுவியவரின் சான்றிதழ்

காயல்பட்டினத்து ஹபீப் முகம்மது ஒன்பது வருஷம் இராக்கில் வேலை பார்த்தார். ஆட்டு நோய்க்குத் தடுப்பூசி செய்யும் ஆலை. அங்கே ஆளுயர எஃகுத் தொட்டிகளை நீராவி விட்டுக் கழுவுவார். 1990-ல் சண்டை மூண்டதும் உடுத்திய துணியோடு ஓடி வந்தார். கையில் இருந்தது வேலை பார்த்த சான்றிதழ் மட்டும்தான்.

காயல்பட்டினத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மகள் மரியத்துக்கு மாப்பிள்ளை பேசியாகிவிட்டது, வீடோ கூரையில்லாமல் நின்றது. 1996-ல் அல்லாஹ் கண் திறந்தான். துபாய்ப் பால் கம்பெனியில் தொட்டி கழுவ ஆள் கேட்டார்கள்.

"அந்த இராக்குப் பேப்பரைக் காட்டாதீங்க மச்சான். பேரீச்சம்பழக் கம்பெனின்னு சொல்லுங்க" என்றாள் மனைவி ஜெய்னம்பு.

"பொய் சொல்லிச் சம்பாதிக்கிறது ஹராம்டி. தொட்டி கழுவுனவன யாரு தேடப்போறா?"

அட அப்பாவி மனுஷரே! தடுப்பூசி வளர்க்கும் தொட்டியில் ஆளைக் கொல்லும் கிருமியையும் வளர்க்கலாம். இராக்கில் அப்படி வளர்த்துத்தான் எதிரி நாடுகளை மிரட்டி வைக்கப் பார்த்தார்கள் என்று முந்தின வருஷமே பேப்பரெல்லாம் எழுதித் தள்ளிவிட்டது. அங்கே வேலை பார்த்தவர்களைப் பெரிய நாடுகள் சல்லடை போட்டுத் தேடிக்கொண்டிருந்தன. இவர் தாமாகவே போய், துபாய்க்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டோடு சான்றிதழையும் நீட்டினார்.

மூன்றாம் மாதம் பட்டப்பகலில் ஹபீப் வீட்டு வாசலில் ஜீப்பில் இரண்டு உளவுத்துறை அதிகாரிகள் வந்து இறங்கினார்கள். தெருவே எட்டிப் பார்த்தது.

"தொட்டியில என்ன வளத்தாங்க?"

"தடுப்பூசி மருந்துதான் சார்."

"நீங்க பாத்தீங்களா?"

காலியான தொட்டியைத்தான் ஹபீப் கண்டிருக்கிறார்.

"பாக்கல சார்."

எழுதிக்கொண்டு போனார்கள். திருநெல்வேலி ஜங்ஷனில் அந்த ஏஜெண்ட் வைத்தியலிங்கம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"உம்ம பேரு சந்தேகப் பட்டியல்ல ஏறிட்டு வே பாய். இனி எந்த நாட்டுக்காரனும் விசா தரமாட்டான். அந்தக் காயிதத்த ஏன் வே குடுத்தீரு?"

அடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டார் ஆளனுப்பினார்கள். வீட்டுக்காகக் காத்திருப்பார்களாம், ஆனால் விஷம் காய்ச்சியவர் வீட்டில் சம்பந்தம் வேண்டாமாம். பாவிகள், இத்தனை நாள் அந்த வீட்டுச் சோற்றைத் தின்றவர்கள்!

ஜெய்னம்பு தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மரியம் அழவில்லை. வாப்பாவின் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"ஊரு என்னமும் பேசட்டும் வாப்பா. அது மருந்துதான்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நான் நம்புதேன்."

ஹபீப் வாயைத் திறந்தார். மகள் காத்திருந்தாள். அவருக்குத் தெரியாது, தெரியாததைத் தெரியும் என்று சொல்ல, அவளுக்காகக்கூட, அவருக்கு வாய் வரவில்லை.

மரியம் எழுந்து உள்ளே போனாள்.