ஊர் என்று ஓர் ஆள் இல்லை

மாமியாரைப் பற்றி மருமகள் பெருமையாக எழுதினால் நம்புவதற்கு ஆள் கிடைக்காது. கிடைக்காவிட்டால் போகட்டும். என் மாமியார் சிட்டம்மாளை நம்பாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அதனால் என் அத்தைக்கு ஒரு குறையும் வந்ததில்லை.

கல்யாணமாகி, பெருநகருக்குப் பக்கத்தில் இருக்கிற இந்தச் சின்ன ஊருக்கு நான் வந்த மறுநாள், அத்தை அடுப்படியில் என்னை நிறுத்தி, "உனக்கு இன்னா கொழம்பு புடிக்கும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பிறந்த வீட்டில் அப்பாவுக்குப் பிடித்தது தெரியும், அண்ணனுக்குப் பிடித்தது தெரியும். என்னை யார் கேட்டார்கள்?

"எதுனா பரவால்ல அத்தே."

"எதுனான்னு ஒரு கொழம்பு எங்க கீது? யோசிச்சிச் சொல்லு, நாளைக்குக் கேக்கறேன்."

மறுநாள் கருவாட்டுக் குழம்பு என்றேன். அத்தைக்குக் கருவாட்டு வாசனையே ஆகாது. ஆனாலும் வைத்துக் கொடுத்துவிட்டு, தனக்கு மோர் ஊற்றிப் பிசைந்துகொண்டார்.

மாமா இறந்த பிறகும் அத்தை பொட்டு வைப்பதை விடவில்லை. "நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க" என்று சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்தால், "அந்த நாலு பேரு யாரு? பேரச் சொல்லு, நானே போய் கேட்டுக்கினு வரேன்" என்பார். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இதனால் அவரை யாரோடும் ஒட்டாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. யார் வீட்டில் பிரசவம் என்றாலும் முதலில் ஓடுவது அவர்தான். கூப்பிட்டால் போவார், போயே ஆக வேண்டும் என்றால் போக மாட்டார். இந்த வித்தியாசம் ஊருக்குப் புரியவில்லை, 'ஒண்டிக்காரி' என்று பெயர் வைத்தார்கள்.

எமர்ஜென்சி முடிந்து அடுத்து வந்த தை மாதம் அது. ஏரிக்கரையில் குடிசை போட்டிருந்த இருளர் மாசியும் அவன் மனைவி ஜெயம்மாவும் நாட்டாமை தாண்டவராயனின் அறுத்த வயலில் எலி பிடித்தார்கள். எலி தன் வளைக்குள் இழுத்துச் சேர்த்து வைத்த நெல், தோண்டியவருக்குத்தான் சொந்தம். இந்தப் பக்கத்தில் காலங்காலமாக அதுதான் வழக்கம். ஆனால் அந்த வருஷம் மழை பொய்த்து விளைச்சல் குறைவு. மாசி தூக்கிப் போன மூட்டையைப் பார்த்ததும் தாண்டவராயனுக்கு வயிறு எரிந்தது. களத்து நெல்லைத் திருடிவிட்டான் என்று பிராது வைத்தார்.

அரசமரத்தடியில் ஊர் கூடியது. "ஊர் இன்னா சொல்லுது?" என்று தாண்டவராயன் கேட்டார். அது அங்கே வழக்கமான கேள்வி. "ஊர் சொன்னா சரி" என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். அதுவும் வழக்கமான பதில். முடிவு வந்துவிட்டது: மாசி குடும்பம் குடிசையைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டும், அவர்களுக்கு வேலை கொடுப்பவர்களை ஊர் ஒதுக்கி வைக்கும், அவர்கள் வயல் அறுப்புக்கு ஓர் ஆளும் போகாது.

மாசி தலையைக் குனிந்து நின்றான். ஜெயம்மா குனியவில்லை, ஆனால் அவளை யாரும் கேட்கவும் இல்லை.

பெண்கள் நிற்கிற ஓரத்திலிருந்து அத்தை நடுவே போனார். பயத்தில் நான் அத்தே, அத்தே என்று கூப்பிட்டேன்.

"தாண்டவராயா, ஊர் சொல்லிச்சின்னியே, அது எங்க கீது? கூப்புடு, நான் பேசறேன்."

"அண்ணி, வெளையாடாதீங்க. இதோ குந்திக்கினு கீறாங்களே, இவங்கதான் ஊர்."

"அப்ப ஒவ்வொருத்தரா கேக்கறேன். வீராசாமி, மாசி திருடினத நீ பாத்தியா?"

வீராசாமி துண்டைச் சரிசெய்தார். "நான் இன்னா சொல்றது... ஊர் சொன்னா சரி."

"சின்னராசு, நீ சொன்னியா?"

"நானா? நான் தனியா ஒண்ணும் சொல்லலியே. ஊர் சொல்லிச்சி."

அத்தை விடவில்லை, வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார். யாரைக் கேட்டாலும் கை அடுத்த ஆளைக் காட்டியது. எனக்குப் பயம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒருத்தரும் சொல்லல. அப்ப யாரு சொன்னது?" என்றார் அத்தை. "ஊர்னு ஒரு ஆள் கெடையாது. ஊருக்கு வயிறும் இல்ல, மனசும் இல்ல. இவங்கள தொரத்தினா அந்தப் பாவம் ஊருக்குப் போவாது, சரின்னு தலையாட்டின ஒவ்வொருத்தருக்கும் போவும். நான் தலையாட்டல. நாளைக்கு என் வயல்ல அறுப்பு. மாசியும் ஜெயம்மாவும் வந்தா நான் வேலை குடுப்பேன்."

"ஊருக்குக் கட்டுப்பட மாட்டீங்களா?"

"நான் குடுத்த வாக்குக்கு நான் கட்டுப்படுவேன். நீ குடுத்த வாக்குக்கு நீ கட்டுப்படு."

மறுநாள் ஓர் ஆளும் வரவில்லை. அத்தை, நான், மாசி, ஜெயம்மா, இவ்வளவுதான். என் வீட்டுக்காரர் சென்னையில் வேலையிலிருந்தார். கதிர் முற்றி நெல் உதிரத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் போனால் வருஷத்துச் சாப்பாடு மண்ணோடு போய்விடும். இடுப்பு ஒடிய அறுத்தும் வயலின் ஒரு மூலைதான் முடிந்தது. "மன்னிப்புக் கேட்டுட்டா இன்னா அத்தே?" என்று அழுதேவிட்டேன். "நீ கேக்கணும்னா கேளு, நான் தடுக்க மாட்டேன்" என்றார். நான் போகவில்லை. ஏன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். எனக்குத் தலையாட்டப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த நாள் நல்ல வெயிலில், எல்லோரும் பார்க்க, வீராசாமியின் மனைவி செல்லம்மாள் கதிர் அரிவாளோடு வரப்பில் வந்தாள். "ஊர் முடிவு தெரியாதா உனக்கு?" என்று தாண்டவராயனின் ஆள் வழிமறித்தான்.

"தெரியும். நான் செல்லம்மா. நான் வந்துகீறேன்" என்று சொல்லிவிட்டு வயலில் இறங்கினாள்.

அதைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, இப்போது எழுதும்போதும்தான். பிறகு வீராசாமி வந்தார், அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக இன்னும் சிலர். பொழுது சாய்வதற்குள் சின்னராசுவும் வந்துவிட்டான், "ஊரே உங்க பக்கம் வந்துடுச்சி பெரிம்மா" என்று பல்லைக் காட்டிக்கொண்டு.

"ஊர் வரல. நீ வந்தே. குனிஞ்சி அறு" என்றார் அத்தை.

அறுப்பு முடிந்து களத்தில் கூழ் குடிக்கும்போது சின்னராசுவுக்கு வீரம் வந்தது. "தாண்டவராயன் வயலுக்கு இனிமே ஒருத்தரும் போவக்கூடாதுன்னு முடிவு கட்டிடலாம்" என்றான். பல தலைகள் ஆடின.

அத்தைக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "போவக்கூடாதுன்னு சொல்ல நீ யாரு? நீ போவ மாட்டேன்னா உனுதச் சொல்லு. ஜெயம்மா, நீ சொல்லு. நீ இன்னா பண்ணப் போறே?"

ஜெயம்மா கூழை வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள். "நான் போவேன்மா. அவரு வயல்ல எலி ஜாஸ்தி. ஆனா வளை நெல்லு எனுதுன்னு மொதல்ல அவரு வாயால சொல்லணும். சொல்லாங்காட்டி, எலி மொத்தத்தையும் தின்னட்டும்."

அத்தை அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மாசி குடும்பத்தைக் காலி பண்ணச் சொல்லி அதன்பிறகு யாரும் ஏரிக்கரைக்குப் போகவில்லை. அடுத்த போகத்தில் தாண்டவராயனின் பாதி வயலை எலி காலி செய்தது. அவர் வேறு ஊர் ஆட்களைத் தேடிப் பார்த்து அலுத்து, ஒரு காலையில் ஏரிக்கரைக் குடிசைக்குத் தானே நடந்து வந்தார். நானும் அத்தையும் ஏரியில் மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தோம். வழக்கம்போல, "ஊர் இன்னா சொல்லுதுன்னா..." என்று ஆரம்பித்தார். ஜெயம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஊர் கெடக்கட்டும் சாமி. நீ சொல்லு."

அவர் எங்களைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார்.

"நான் சொல்றேன். வளை நெல்லு உனுதுதான்."

"இதோ வரேன்" என்று சொல்லி, ஜெயம்மா கடப்பாரையை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்தாள்.