கையெழுத்து இல்லாத கட்டம்

அச்சகத்தின் கணினி வலையமைப்பைப் பதினேழு ஆண்டுகள் கவனித்தவரைப் பணியாளர்கள் 'பதிவேடு' என்றே குறிப்பிட்டார்கள். ரூட்டரில் சிறு மாற்றம் செய்வதானாலும், கேட்டவரின் கையெழுத்தைப் பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் வாங்காமல் அவர் விசைப்பலகையைத் தொட்டதில்லை. முதலாளியே பேனா தேடி நின்றதுண்டு.

இயந்திரக்கூடம் காலை ஆறு மணிக்குத் தொடங்கும். அச்சிட வேண்டிய பக்கங்களோ, ஒன்பது மணிக்குத் திறக்கும் எதிர்க் கட்டடத்தில், உறங்கும் கணினிகளில் இருக்கும். அவற்றை எழுப்புவதற்கு எல்லாக் கணினிகளுக்கும் ஒருசேர விடுக்கும் பொது அழைப்பு வேண்டும். இரு கட்டடங்களையும் இணைக்கும் ரூட்டர் அத்தகைய அழைப்பை அப்பால் விடாது. பதிவேடு அதை அப்பால் அனுப்பும்படி அமைத்தார். தம் மேசைக் கணினியிலிருந்து வந்தால் மட்டும்.

இயந்திரக்கூட மேற்பார்வையாளர் அவர் மனைவியின் தம்பி. அத்தான் சொல்லித்தான் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். ஒரு வியாழக்கிழமை வந்து நின்றார்.

"அத்தான், நீங்க லீவு போட்டா நாங்க கையக் கட்டிட்டு உக்காரணுமா? எங்க கம்ப்யூட்டர் எல்லாத்துக்கும் திறந்து விடுங்க."

"ஏதாவது ஒண்ணு கிறுக்குப் பிடிச்சுக் கத்துச்சுன்னா ரெண்டு கட்டடமும் படுத்துடும் மாப்ளே."

"வந்தா நான் பாத்துக்கறேன். என்கிட்டயுமா கையெழுத்து? அக்கா கேட்டா சிரிப்பா."

அவரும் சிரித்தார், தடையை நீக்கினார். பதிவேட்டில் தேதி, மாற்றம், கேட்டவர் பெயர் எழுதினார். கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டார்.

பன்னிரண்டாம் நாள், இயந்திரக்கூடத்தின் பழைய கணினி ஒன்று பழுதாகி ஓயாமல் பொது அழைப்புகளை விடுத்தது. ரூட்டர் அத்தனையையும் எதிர்க் கட்டடத்தில் கொண்டுபோய்க் கொட்டியது. இரு பக்கமும் முடங்கின. பாடநூல் அச்சு ஒரு பகல் முழுவதும் நின்றது.

மேலாளர் இருவரையும் அழைத்துப் பதிவேட்டைப் புரட்டினார். "உங்க பேர் இருக்கே?"

மேற்பார்வையாளர் தடுமாறவில்லை. "நான் கேக்கவே இல்ல சார். சாருக்கு ஏதோ ஞாபகப் பிசகு."

அத்தான் என்ற உறவு அறைக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

"கையெழுத்து இல்லாம நீங்க எதுவும் செய்ய மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும்," என்றார் மேலாளர் இவரிடம். "அப்போ இது நீங்களா செஞ்சதுதானே?"

அவருக்கு விடை இருந்தது. அதை நிறுவக் கையெழுத்து இல்லை. காகிதக் கிடங்குக்கு மாற்றினார்கள். கடவுச்சொல்லை ஒப்படைக்குமுன் அந்தத் தடையை மீண்டும் அமைத்து, பதிவேட்டில் எழுதி, தாமே கையெழுத்திட்டார்.

அன்று மாலை மைத்துனர் வீட்டுக்கு வந்தார். "கோவிச்சுக்காதீங்க அத்தான். நான்தான் சொன்னேன், இல்லேங்கல. என்னைன்னா வீட்டுக்கே அனுப்பிடுவாங்க. நீங்க சீனியர், தாங்கிப்பீங்கன்னு..."

அவர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து வைத்தார்.

"இப்போ சொன்னத அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடு மாப்ளே."

மைத்துனர் பேனாவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு எழுந்து செருப்பைத் தேடினார். தம்பிக்கென்று கொண்டுவந்த காபியை அக்கா உள்ளே எடுத்துச் சென்றாள்.