பந்து நுழையும் இடைவெளி

என் கணவருக்கு இடது கண் சிவகாசியில் போனது என்று சொன்னால், கேட்பவர்கள் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. வெடி விபத்து என்று அவர்களாகவே நினைத்துக்கொள்கிறார்கள். அது வெடியால் போகவில்லை, கிரிக்கெட் பந்தால் போனது.

அவர் ஓர் அச்சகத்தில் ஆப்செட் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். காலண்டர் சீசன் முடிந்து பொங்கலும் கழிந்துவிட்டால் வேலை குறையும். ஞாயிற்றுக்கிழமைகளில் அச்சக ஆட்கள் ஊருக்கு வெளியே வற்றிக் கிடக்கும் கண்மாய்க்குள் விளையாடுவார்கள். இவர்தான் விக்கெட் கீப்பர். ரப்பர் பந்தில் விளையாடிய வரை எனக்குப் பயமில்லை. பக்கத்து ஊர் அணிகளோடு போட்டி என்று வந்ததும் கல் மாதிரி கனக்கும் தோல் தையல் பந்துக்கு மாறினார்கள். அதற்கென்று யாரோ ஒருவர் வீட்டில் கிடந்த பழைய ஹெல்மெட் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அணிக்கே அது ஒன்றுதான். ஒவ்வொரு தலையிலும் அது ஒவ்வொரு மாதிரி ஆடியது. இவர் உள்ளே ஒரு துண்டை மடித்து வைத்துக்கொள்வார். குனிந்து நிற்கும்போது கம்பி கண்ணை மறைக்கிறது என்று, திருகைத் தளர்த்தி முன்கம்பியைச் சற்றுக் கீழே இறக்கியும் வைத்திருந்தார்.

அன்று மெதுவாகச் சுழற்றிப் போடுகிறவர் பந்து வீசினார். இவர் ஸ்டம்பை ஒட்டி நின்றார். மட்டையின் மேல்விளிம்பில் பட்ட பந்து நேராக முகத்துக்கு வந்து, ஹெல்மெட்டின் விளிம்புக்கும் கம்பிக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் நுழைந்து கண்ணில் மோதியது. ஹெல்மெட் போட்டிருந்தும் இப்படியா என்று எல்லோரும் கேட்டார்கள்.

மதுரையில் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து ஆள் ஒருவர், பட்டாசு ஆலை விபத்தில் வெந்து முகமெல்லாம் கட்டோடு கிடந்தார். அவர் மனைவி என்னிடம், "உங்களுக்கு எந்தக் கம்பெனி?" என்று கேட்டாள்.

"கம்பெனி இல்ல. விளையாடப் போன இடத்துல."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏளனமாக எதுவும் சொல்லவில்லை. "விளையாட்டுலயா" என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு, தன் புருஷன் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த அறையில் இருந்த எல்லோருமே வயிற்றுப்பாட்டுக்காகக் காயப்பட்டவர்கள். எனக்கு அழக்கூடக் கூச்சமாக இருந்தது.

கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. செயற்கைக் கண் வைத்தார்கள். தூரம் கணிப்பது கொஞ்ச நாளில் பழகிவிடும் என்றார் டாக்டர். ஓரளவு பழகியது. ஆனாலும் இன்றைக்கும் டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது செம்பின் வாயை டம்ளர் விளிம்பில் முட்டவைத்துத்தான் ஊற்றுவார். ஓடும் உருளைகளுக்குப் பக்கத்தில் கை வைக்கிற வேலை இனி வேண்டாம் என்று முதலாளி அவரைப் பேப்பர் குடோனுக்கு மாற்றினார். அச்சில் நான்கு வண்ணமும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறதா என்று தாளைத் தூக்கிப் பார்த்து நின்றவர், வெறும் தாளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு ஒரே மகள். அவள் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம், பள்ளிக்கூடத்தில் பெண்களுக்குக் கிரிக்கெட் அணி அமைத்தார்கள். அவள் கைப்பதத்தைப் பார்த்து பி.டி. டீச்சர் கீப்பராக நிற்கவைத்திருக்கிறார். அதை அவள் வீட்டில் சொல்லப் பயந்து, பிறகு ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்" என்றேன்.

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "விளையாடட்டும்" என்றார். "சாமான் மட்டும் நான் பாத்து வாங்கித் தாரேன். அடுத்தவுக ஹெல்மெட்ட நீ தலையில வைக்கக் கூடாது, தாயி."

மூவருமாக மதுரைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு நீல ஹெல்மெட்டை எடுத்து வைத்தார். மகளுக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. "வளர்ற பிள்ளை. ஒரு சைஸ் பெருசாவே எடுத்துக்கங்க சார்" என்றார் கடைக்காரர்.

"பாவாடையா தைக்கோம், வளந்து போடுறதுக்கு? இன்னைக்கு இருக்கிற தலைக்குக் குடுங்க."

அதில் சரியான அளவு ஒன்று வந்தது. இவர் அதை மகள் தலையில் வைத்து, தாடைப் பட்டையைப் போட்டு, தலையை ஆட்டச் சொன்னார். குனியச் சொன்னார். அசையவில்லை. பிறகு கழற்றி வாங்கி, கடைக்காரரிடம் ஒரு பந்து கேட்டார். பந்தை இடைவெளிக்கு நேராகக் கொண்டுபோனவருக்குத் தூரம் பிடிபடவில்லை. பந்து ஹெல்மெட்டுக்கு முன்னாலேயே காற்றில் நின்றது. இன்னொரு தடவை கொண்டுபோனார், அது பக்கவாட்டில் இடித்தது. கடைக்காரர் வேறு பக்கம் பார்த்தார். மகள் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து, பந்தைச் சரியான இடத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

அழுத்தினார். பந்து உள்ளே போய்விட்டது.

நெருப்பைத் தொட்டவர் மாதிரி கையை எடுத்துக்கொண்டார். பந்து உள்ளே உருண்டு கிடந்தது. கடைக்காரர் திருகைச் சரிசெய்து தருவதாகச் சொன்னதை அவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. "வேற காட்டுங்க" என்றார். அடுத்தது கறுப்பு, பார்க்க அழகில்லை. ஆனால் இடைவெளி பந்தைவிடச் சின்னது. "நுழையலப்பா" என்றாள் மகள். "நல்லா அழுத்திப் பாரு" என்றார். அவள் இரண்டு கையாலும் அழுத்திக் காட்டினாள். அதையே வாங்கினோம். கையுறை, காலுக்குப் பேடு, வெந்நீரில் போட்டு இளக்கிப் பல்லுக்கு அளவாகக் கடித்து வைத்துக்கொள்கிற காப்பு, எல்லாம் அவர் தடவிப் பார்த்து எடுத்தவைதான்.

விருதுநகரில் நடந்த போட்டிக்கு நாங்களும் போனோம். மகள் நன்றாகத்தான் நின்றாள். இடையில் ஒரு பந்து திடீரென்று எகிறி, அவள் முகத்தில் கம்பிமேல் 'டங்'கென்று மோதியது. அவள் பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க பட்டுச்சு? எங்க பட்டுச்சு?" என்று இவர் என் கையை இறுக்கினார்.

"கம்பியிலதான். ஒண்ணுமில்ல, எந்திரிச்சிட்டா."

அவர் அதற்குள் மைதானத்துக்குள் நடந்துகொண்டிருந்தார். ஆட்டம் நின்றது. நடுவர் வந்து தோளைப் பிடித்துத் தடுத்தார். மகள் ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைக் காட்டி, "எனக்கு ஒண்ணும் ஆகலப்பா, நீங்க போங்கப்பா" என்றாள். சுற்றிலும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அதற்குப் பிறகு அவர் போட்டி பார்க்க வரவில்லை. ஆனால் அவள் விளையாடிவிட்டு வரும் நாட்களில் வாசலிலேயே நிற்பார். ஜெயித்ததா தோற்றதா என்று கேட்பதற்கு முன்னால், கட்டைவிரலால் அவள் இரண்டு கண்களுக்கும் கீழே தடவிப் பார்ப்பார். அவள் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நிற்பாள்.

ஒருநாள் அவள் பையோடு சமையல்கட்டுக்கு வந்து, "டீச்சர் என்னை டீம்ல இருந்து எடுத்துட்டாங்கம்மா" என்றாள். குரலில் ஒரு வருத்தமும் இல்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

"நீயா விட்டுட்டயா?"

"அப்பாகிட்ட சொல்லிராதீக" என்றாள். அப்போதுதான் அழுதாள். "நான் வெளையாடப் போனா அவுக அன்னைக்குச் சாப்பிடுறதே இல்லம்மா. வந்து பாத்தா சோறு அப்படியே இருக்கு."

முதலில் வேண்டாம் என்று சொன்னவள் நான். அன்று, "நீ போய் விளையாடு" என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றியது. அவள் கேட்கவில்லை.

டீச்சர் எடுத்துவிட்டார் என்று சொன்னால் இவர் நிம்மதியடைவார் என்று இரண்டு பேரும் நினைத்திருந்தோம். அவர் இடிந்துபோனார். "இவ கையப் பாத்துமா டீம்ல இருந்து எடுத்தாக?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பள்ளிக்கூடத்துக்கே போய்க் கேட்கிறேன் என்று சட்டையை மாட்டினார். பரீட்சை முடியட்டும், பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று என்னவோ சொல்லி நான் தடுத்தேன்.

மறுநாளிலிருந்து வேலை விட்டு வந்ததும் அவரே மகளைத் தெருவுக்குக் கூப்பிட ஆரம்பித்தார். இவர் பந்தை எறிவார், அவள் பிடிப்பாள். இவரால் பிடிக்க முடியாது என்பதால் அவள் தரையில் உருட்டிவிடுவாள். நன்றாகப் பழக்கிவிட்டால் அடுத்த வருஷம் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள் என்று அவருக்கு நம்பிக்கை.

தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கில் நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். எந்தப் பந்தையும் விடாத பிள்ளை அவள். இப்போது கைக்கு வந்த பந்துகளை நடுநடுவே வேண்டுமென்றே கீழே விடுகிறாள்.

"கை முன்ன மாதிரி நிக்கலயே, தாயி" என்கிறார் இவர்.

"ஆமாப்பா" என்று குனிந்து பந்தை எடுக்கிறாள்.