மஞ்சள் தெளித்த சீட்டுக்கட்டு

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், முகூர்த்தம் முடிந்து பந்திக்குக் காத்திருந்த நேரத்தில், ஆண்கள் ஜமக்காளத்தில் வட்டமாக உட்கார்ந்து சீட்டு ஆடினார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். "உங்களுக்கு ஆடத் தெரியுமா?" என்று ஒருவர் கேட்டார். "எனக்கும் ஒரு கை போட்டுப் பாருங்க, தெரியும்" என்றேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும். சீட்டாட்டம் எனக்குப் பிடிக்கும். இதை நான் யாரிடமும் குரலைத் தாழ்த்திச் சொன்னதில்லை. அந்த இடம் எனக்குச் சும்மா கிடைத்ததும் இல்லை.

சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். சங்கரன்கோவிலில் எங்கள் வீடு, முன்வாசலில் நின்றால் புறவாசல் தெரிகிற நீளமான வீடு. அப்பா தாலுகா ஆபீசில் குமாஸ்தா. அம்மா, அண்ணன், தம்பி, நான், அப்பாவின் அக்காவான அத்தை. அத்தை சின்ன வயதிலேயே விதவையாகி எங்களோடு வந்துவிட்டவள். வீட்டின் ஆசாரம் முழுக்க அவள் கையில் இருந்தது. அப்பா ஆபீசிலிருந்து வந்து முகம் கழுவியதும், விளக்கு வைப்பதற்குள் பட்டாசல் கூடத்தில் பாய் விரித்து ஒரு ஆட்டம் ஆடியாக வேண்டும். அப்பா, அண்ணன், தம்பி, நான். ஞாயிற்றுக்கிழமை என்றால் மத்தியானமே பாய் விழுந்துவிடும்.

ஆட்டத்துக்குப் பெயர் கழுதை. மூளையைப் பிழிகிற ஆட்டம் ஒன்றும் இல்லை. எல்லாச் சீட்டையும் பகிர்ந்து போட வேண்டும். ஒருவர் கிளாவர் இறக்கினால் எல்லோரும் கிளாவர்தான் இறக்க வேண்டும். கையில் கிளாவர் இல்லாதவர் வேறு சீட்டைப் போட்டு வெட்டலாம். வெட்டு விழுந்தால், அந்தச் சுற்றில் பெரிய கிளாவர் போட்டவர் கீழே கிடக்கிற அத்தனையையும் அள்ளிக்கொள்ள வேண்டும். கைச்சீட்டை இறக்கித் தீர்த்தவர்கள் தப்பித்தார்கள். கடைசியில் கை நிறையச் சீட்டோடு உட்கார்ந்திருப்பவர் கழுதை. யாரிடம் என்ன இருக்கிறது என்பதை மறைப்பதில்தான் ஆட்டமே இருக்கிறது.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு சட்டம் உண்டு. கழுதையானவரை அடுத்த ஆட்டம் வரை கழுதை என்றுதான் கூப்பிட வேண்டும். அது அப்பாவுக்கும் சேர்த்துத்தான். அவர் எதிரே நின்று பேச அண்ணனே பயப்படுவான். ஆனால் அவரைக் கழுதையாக்கிவிட்டால், "கழுதை காப்பி குடிக்குமா, கழுநீர் குடிக்குமா?" என்று நான் கேட்கலாம். அவரும் "காப்பியே குடிக்கும்" என்று பதில் சொல்வார். அடுக்களையில் அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அம்மா ஆட வந்ததே இல்லை. யாரும் கூப்பிட்டதும் இல்லை, நான் உட்பட.

பதின்மூன்று வயதில் நான் பெரியவளானேன். புறவாசலில் பருத்திமார் விறகு அடுக்கிவைத்திருந்த அறையை ஒழித்து என்னை உட்கார வைத்தார்கள். பதினாறு நாள். தனித் தட்டு, தனிப் பாய், வாசலுக்குக் குறுக்கே ஓர் உலக்கை. வேளைக்கு வேளை உளுந்தங்களியும் நல்லெண்ணெயும். இனிப் பள்ளிக்கூடம் கிடையாது என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. அழுதேன். அழுதால் ஒன்றும் நடக்காது என்பதையும் அன்றைக்கே தெரிந்துகொண்டேன். மூன்றாம் நாள் அத்தை உலக்கைக்கு அந்தப் பக்கம் நின்று அடுத்ததைச் சொன்னாள்.

"ஏட்டி, இனிமே ஆம்பளையளோட பாயில உக்காந்து சீட்டு கீட்டுன்னு வராத. சமைஞ்ச பிள்ளைக்கு அது லெச்சணம் இல்ல."

"அப்பா சொன்னாங்களா?"

"சொல்லணுமாக்கும்."

அப்பா கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டது. தலையை நிமிர்த்தவில்லை. எனக்கு அத்தைமேல் வந்த கோபத்தைவிட அப்பாமேல் வந்த கோபம்தான் பெரிது. பள்ளிக்கூடம் போய்விட்டது, தெருவும் போய்விட்டது. மிச்சம் இருந்தது பாயில் ஒரு முழ இடம். அதையும் விட்டுக்கொடுத்தால் அம்மி, ஆட்டுரலோடு சேர்த்து நானும் அந்த வீட்டில் ஒரு சாமான்தான். விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அது ஆடி மாதம். எங்கள் ஊர்க் காற்று முன்வாசலில் நுழைந்தால் யாரையும் கேட்காமல் புறவாசல் வழியாகத்தான் வெளியேறும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மூன்று பேரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். சீட்டு விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் அறைக்குள் இருந்தேன். காற்று ஒரு சீட்டைத் தூக்கிவந்து, உலக்கையைத் தாண்டி என் பாயோரம் போட்டது. கிளாவர் ஏழு. தம்பி பின்னாலேயே ஓடி வந்தான்.

"எக்கா, தொட்டுராத. அங்கனயே கெடக்கட்டும். நான் குச்சியால தள்ளி எடுத்துக்கிடுதேன்."

நான் அதை எடுத்து அவன் பக்கம் நீட்டினேன்.

வீடு கூடிவிட்டது. "பாத்திரம்னா புளி போட்டுத் தேய்ச்சுரலாம். துணின்னா நனைச்சுரலாம். பட்டுன்னா தீட்டே கிடையாது. இது காயிதம்லா, இத எதுல சேக்க?" என்று அத்தை கையைப் பிசைந்தாள். சீட்டுக்கட்டுக்கு எந்தச் சாஸ்திரத்திலும் வழி சொல்லியிருக்கவில்லை. கடைசியில் மஞ்சளைக் கரைத்துச் சீட்டின் இரண்டு பக்கமும் தெளித்து, சுளகில் காயவைத்துக் கொடுத்தாள்.

சீட்டு சுத்தமாயிற்று, ஆட்டம் நாசமாயிற்று. நீலப் பூப்போட்ட முதுகுகளுக்கு நடுவில் அது ஒன்று மட்டும் மஞ்சளாக உப்பிக்கொண்டு நின்றது. கிளாவர் வைத்திருப்பவர் யார் என்று எதிரே இருப்பவர்களுக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. மறுநாளே அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டார்கள். புதுக்கட்டு வாங்கலாம் என்றால், கடைவீதியில் நின்று சீட்டுக்கட்டு கேட்பதை யாராவது பார்த்தால் ஆபீசில் தன்னைச் சூதாடி என்பார்கள் என்று அப்பாவுக்குப் பயம்.

தம்பியைக் கூப்பிட்டேன். "எல்லாச் சீட்டையும் இங்கன கொண்டா. எல்லாத்தையும் நான் தொடுதேன். எல்லாத்துக்கும் மஞ்சத்தண்ணி தெளிக்கட்டும். அப்பம் எது எதுன்னு யாருக்குத் தெரியும்?"

அவன் யோசிக்காமல் கட்டைத் தூக்கி உலக்கைக்கு இந்தப் பக்கம் எறிந்துவிட்டான். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்டான், பாவம். மிச்சம் ஐம்பத்தொரு சீட்டையும் ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் தொட்டேன். ராஜாக்களை இரண்டு தடவை தொட்டேன். அத்தை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஒரு சட்டி மஞ்சள் கரைத்தாள்.

யோசனை சொன்னவள் என்று என்னைச் சேர்த்துக்கொள்வார்கள் என நினைத்தேன். பதினேழாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, சடங்கு கழிந்து, தாவணியோடு போய்ப் பாயில் என் இடத்தில் உட்கார்ந்தேன். அப்பா சீட்டுப் போட்டார். அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, தனக்கு ஒன்று. என் முன்னால் வெறும் பாய்தான் இருந்தது.

"எந்திரிட்டி" என்றான் அண்ணன். எழுந்திருக்கவில்லை. மறுநாளும் போய் உட்கார்ந்தேன், அதற்கு மறுநாளும். கையில் சீட்டு இல்லாவிட்டால் என்ன, கண் இருந்ததே. "அண்ணன்ட்ட டைமன் தீந்துட்டு" என்று உரக்கச் சொல்வேன். "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று அவன் பல்லைக் கடிப்பான். "வெக்கங்கெட்ட மூதி" என்பாள் அத்தை. வெட்கத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அப்பா மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அவர் கை என்னைத் தாண்டித் தாண்டிப் போனதுதான் பொறுக்கவில்லை.

அடுத்த மாதம் என் நாள் வந்தபோது, போகிற போக்கில் மாடத்திலிருந்த சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டே புறவாசல் அறைக்குப் போனேன். மூன்று நாள் வீட்டில் ஆட்டம் இல்லை. நாலாம் நாள் மறுபடியும் மஞ்சள் தண்ணீர். சீட்டுகள் அப்பளம் மாதிரி வளைந்துகொண்டன. இரண்டு சீட்டு ஓரத்தில் பிளந்துவிட்டது. இன்னொரு தடவை நனைந்தால் அவ்வளவுதான் என்று பார்த்தாலே தெரிந்தது. அண்ணன் அடிக்கக் கை ஓங்கினான்.

"அடி" என்றேன். "அடுத்த மாசமும் தொடுவேன். அதுக்கடுத்த மாசமும் தொடுவேன். எனக்குப் போடாத சீட்டு யாருக்கும் வேண்டாம்."

அப்பா எழுந்து வந்து அவன் கையை இறக்கிவிட்டார். அவ்வளவுதான் செய்தார். பிறகு கட்டை எடுத்துப் பரணின் ஓரத்தில், எனக்கு எட்டாத உயரத்தில் வைத்தார்.

பத்து நாள் போயிருக்கும். அம்மா வீட்டுக்கு விலக்காகிப் புறவாசல் அறையில் இருந்தாள். சாயங்காலம் அப்பா பாய் விரித்துவிட்டுப் பரணைத் துழாவினார். கட்டைக் காணோம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நடுவீட்டில் பூக் கட்டிக்கொண்டிருந்தேன். சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியாது.

தம்பிதான் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து மெதுவாகச் சொன்னான்: "அம்மைட்ட இருக்கு."

போய் எட்டிப் பார்த்தோம். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, சீட்டுகளை ஜாதிவாரியாக நாலு வரிசையில் அடுக்கி வைத்திருந்தாள். எங்களைக் கண்டு மறைக்கவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு சொல் எதிர்த்துப் பேசாதவள். என்மேல் கை ஓங்கலாம். அம்மாவை என்ன செய்வது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

நாலாம் நாள் அம்மா தலை முழுகிவிட்டு வந்து கட்டை அப்பா முன்னால் வைத்தாள். அத்தை மஞ்சள் கிண்ணத்தோடு வந்தாள்.

"வேண்டாங்க்கா" என்றார் அப்பா. "இனி தண்ணி பட்டா தாங்காது."

"தீட்டுல்லா?"

"இருக்கட்டும்."

அன்று சாயங்காலம் வழக்கம்போலப் போய் உட்கார்ந்தேன். அப்பா அண்ணனுக்குப் போட்டார், தம்பிக்குப் போட்டார். கை என் பக்கம் வந்து நின்றது. என் முன்னால் ஒரு சீட்டு விழுந்தது. நான் அதை உடனே எடுக்கவில்லை. எடுத்தால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. அவர்கள் முன்னால் அழ எனக்கு இஷ்டமில்லை.

நாலு சுற்று போட்டிருப்பார். அம்மா அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வந்தவள் எனக்கும் தம்பிக்கும் நடுவில் பாயில் உட்கார்ந்தாள். தம்பி நகர்ந்து இடம் கொடுத்தான். அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கும் போடுங்க" என்றாள்.

அப்பா, போட்ட சீட்டையெல்லாம் திரும்ப வாரி எடுத்துக் கலைத்து, ஐந்து பேருக்குப் போட ஆரம்பித்தார்.