பனையேறிய தாள்கள்

அசையாமல் இருக்கும் எதையும் நான் நம்புவதில்லை. சுவரில் பல்லி, கல்யாண போட்டோவில் மாப்பிள்ளை, மத்தியானக் கடல், எல்லாம் அடுத்த கணத்துக்காக எதையோ ஒளித்து வைத்துக்கொண்டுதான் நிற்கின்றன. பிற்காலத்தில் சினிமாக் கொட்டகைகளுக்குக் கண்ணாடி விளம்பரம் தீட்டினேன், பொம்மைகளுக்கு உடுப்புத் தைத்தேன், நாடகத் திரை எழுதினேன், கடைசியில் கோட்டுப் படங்களை நடக்கவும் பறக்கவும் வைத்துச் சோறு தின்றேன். எல்லாவற்றுக்கும் அடியில் இந்தச் சந்தேகம்தான். குடும்பச் சொத்து அது.

எங்கள் ஊர் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். அப்பா இல்லை. அண்ணனுக்குக் கருங்கல் சந்தையில் கருப்பட்டிக் கடை. உடைத்து, நாக்கில் வைத்து, விற்க வந்தவன் முகத்தை ஒரு பார்வை பார்க்காமல் யாரிடமும் வாங்கமாட்டான். மெட்ராசில் படங்களை நகரவைக்கும் சின்ன ஸ்டுடியோ ஒன்று என்னை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. அண்ணன் சரி என்றால் போகலாம். இல்லையென்றால் கல்யாணம்.

சுவருக்கு வெள்ளையடிக்க என் தகரப்பெட்டியை நகர்த்திய மைனி, அண்ணன் பெண்டாட்டி, அதில் ஒரு கட்டுத் தாளைக் கண்டாள். தாளுக்குத் தாள் பென்சிலில் ஒரே ஆள். எங்கள் விளைத் தோப்பில் பனையேறுகிறவர். மைனி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே அண்ணனிடம் கொடுத்துவிட்டாள்.

மத்தியானம் சோற்றைத் தொடாமல் அண்ணன் தாள்களைப் பாயில் பரப்பினான்.

"ஏட்டி, இது ஆரு?"

"நம்ம பனையேறி."

"அது எனக்குந் தெரியும். ஒருத்தன எதுக்கு இத்தன தடவ வரையணும்? உள்ளதப் பறை."

"ஒண்ணு வரைஞ்சா படம்," என்றாள் மைனி, அடுக்களை வாசலில் நின்று. "இது ஒரு கெட்டுல்லா இருக்கு."

தாள்களை வரிசைப்படுத்தி, ஓரத்தைப் பிடித்து, பெருவிரலால் சரசரவென்று விட்டேன். கால்கயிறு இறுகியது. முழங்கால் மடங்கியது. அடிமரத்திலிருந்து பாளை வரைக்கும் அவர் ஏறிப் போனார்.

"அய்யோ, மேல ஏறுகான்லா!" மைனி வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அண்ணன் இன்னொரு முறை விடச் சொன்னான். இன்னொரு முறை. படத்தில் ஏறுகிறவரின் முகத்தைப் பார்க்கவில்லை, கால்களைப் பார்த்தான்.

"எடது பெருவெரல் மடங்கி இருக்கு. அவனுக்கு அப்படித்தான். இத்தன வருசமா அவன்கிட்ட சரக்கு எடுக்கேன், இப்பந்தான் காணுகேன்." நிறுத்தினான். "எவ்வளவு நேரம் பாத்துக்கிட்டு நிண்ண?"

கோடு எவ்வளவு உண்மையோ அவ்வளவு குற்றம். படம் உயிரோடு எழுந்து எனக்கு எதிராகவே சாட்சி சொன்னது.

"அண்ணே, நான் எல்லாரையும்தான் பாக்கேன். ஒன்னையும் வரைஞ்சு காட்டட்டா?"

"போ ஏட்டி," என்றான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

கடைப்பக்கமே போகாமல், நினைவிலிருந்தே வரைந்தேன். கட்டு முடிந்ததும் அவன் கையில் கொடுத்தேன். அவனே விரலால் விட்டான். தாளில் அண்ணன் கருப்பட்டியை உடைத்தான், நாக்கில் வைத்தான். சுவை இறங்குவதற்குள் அவன் கண் வழுக்கி, விற்கிறவன் முகத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

"அப்படியே நீங்கதான்!" மைனிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அந்தக் கள்ளப் பார்வ!"

அண்ணன் சிரிக்கவில்லை. "நான் இப்படியாட்டீ பாக்கேன்?"

"எல்லாரையும்."

அன்றிலிருந்து வீட்டில் அவன் எனக்கு முதுகு காட்டிச் சாப்பிட்டான். சட்டை மாட்டும்போதுகூட நான் எங்கே நிற்கிறேன் என்று திரும்பிப் பார்த்தான். கருப்பட்டியை வாயருகே கொண்டுபோய், என்னைக் கண்டதும் கீழே வைத்தான். ஒருநாள் காலையில் மைனியிடம் சொல்வதுபோல எனக்குச் சொன்னான்:

"வல்லாத்த கண்ணாக்கும் இவளுக்கு, ஒண்ணும் தப்பாது. மெட்ராசுக்கே போவட்டும். ஆனா இனி என்ன வரையப்பிடாது, கேட்டியா?"

புறப்பட்ட அன்று பஸ்ஸில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அண்ணன் கட்டு இருந்தது. பனையேறியின் கட்டு இல்லை.

எரித்தானா? கடையில் ஆளில்லாத நேரத்தில் அவரை ஏறவிட்டுப் பார்க்கிறானா? கேட்டால் சொல்லமாட்டான். அதனால் ஊருக்குப் போகும்போதெல்லாம் முதலில் அவன் கைப் பெருவிரலைத்தான் பார்ப்பேன். கறுத்துத்தான் இருக்கும். கருப்பட்டியா, பென்சில் கரியா என்று இன்றுவரை பிடிபடவில்லை. நான் பார்ப்பது தெரிந்ததும் அவன் விரலை மடக்கிக்கொள்வான்.