சந்தியில் மாட்டிய சிவப்புப் பெட்டிகள்

இரத்தப்போக்கை நிறுத்தக் கற்றுக்கொடுக்கும் என் தொழிலில் இரத்தத்தைப் பார்ப்பது குறைவு. கூட்டங்களைப் பார்ப்பதுதான் அதிகம். சனங்களைக் கூப்பிட்டு வகுப்பெடுத்த எவருக்கும் என் பாடு விளங்கும். நாங்கள் மாட்டும் சிவப்புப் பெட்டிக்குள் இருப்பது கொஞ்சச் சாமான்தான்: கை காலில் இறுக்கிக் கட்டும் பட்டி, காயத்துக்குள் அடைக்கும் துணி, கையுறை, கத்தரிக்கோல். அதைச் சந்தையிலும் பஸ் தரிப்பிடத்திலும் மாட்டுவதற்குள் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

சபையில் ஒரு வசனம்

பெட்டிகளுக்கு நிதி கேட்டு, வன்னியில் எங்கள் பிரதேச சபைக்குப் படங்களோடு போயிருந்தேன். படங்களை ஒருவரும் பார்க்கவில்லை. "வீதிக்கு லைற் போடவே நிதி காணாது, இதுக்குள்ள பெட்டியோ?" என்று ஓர் உறுப்பினர் எழும்பினார். பலர் தலையாட்டினார்கள். நான் படங்களைச் சுருட்டத் தொடங்கிவிட்டேன்.

அப்போது செல்வமலர் என்ற உறுப்பினர் எழுந்தார். மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம், வயல் செய்பவர். நெல் வெட்டும் மெசினில் கை சிக்கிய தன் அண்ணனை உழவு மெசினில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போன கதையைச் சொன்னார். கூட நாலு பேர் இருந்தார்களாம். எங்கே அமத்துவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அண்ணன் பாதி வழியிலேயே போய்விட்டார். வாக்கெடுப்பில் ஆதரவாக முதலில் கை உயர்த்தியவர், எதிர்த்துப் பேசிய அதே உறுப்பினர். செல்வமலர் கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான்: "ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்னு ரத்தத்துக்குத் தெரியாதுங்க."

முள்ளியவளையில் என் கை வழுக்கியது

முதல் வகுப்பு. பட்டியைக் கட்டிக் காட்டப் போனேன். பதற்றத்தில் இரண்டு தரம் வழுக்கிவிட்டது. முன் கதிரையில் இருந்த தவமணி, தோட்டம் செய்பவர், என் வயதுதான் இருக்கும், எழும்பி வந்தார். ஒரு பழைய துணிக் கிழிசலையும் ஒரு தடியையும் எடுத்து, நான் மூச்சு விடுவதற்குள் கட்டி முறுக்கி முடித்தார். பிழை சொல்ல ஒன்றுமில்லை.

"தாதியா இருந்தனீங்களோ?" என்று கேட்டேன். சண்டையின் கடைசி நாட்களில் தங்கச்சியின் காலை அப்படித்தான் கட்டினாராம். தங்கச்சி இப்போது பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். அடுத்த வகுப்பிலிருந்து செய்து காட்டுவது தவமணி, கதைப்பது மட்டும் நான் என்று ஒழுங்குசெய்தோம். அன்று அவர் துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: "பழகின இடம் நல்ல இடமில்லை, சேர். ஆனா பழகினது பிழையாப் போகேல்லை."

பூநகரியில் கண் மை

வள்ளத்து எஞ்சினின் விசிறி வெட்டி, ஒரு மீனவரின் கெண்டைக்காலில் இரத்தம் பீறிட்டது. தோழர்கள் அவரைச் சந்திக்குத் தூக்கி வந்தபோது பஸ்ஸும் இல்லை, அம்புலன்ஸும் தூரத்தில். என் வகுப்புக்கு வந்திருந்த தேத்தண்ணிக் கடை நந்தினி, சந்தியில் மாட்டிய பெட்டியைத் திறந்து, முழங்காலுக்கு மேல் பட்டியை இறுக்கினா. கட்டிய நேரத்தை எழுத வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தேன். பேனை கிடைக்கவில்லை. கைப்பையிலிருந்த கண் மைப் பென்சிலால் அவர் நெற்றியிலேயே எழுதிவிட்டா.

ஆஸ்பத்திரியில் காலைக் காப்பாற்றிவிட்டார்கள். நடக்கத் தொடங்கியதும் அந்த மனிசன் நேரே கடைக்குப் போய் நின்று சொன்னாராம்: "தங்கச்சி, காலைத் திருப்பித் தந்திட்டீங்கள். ஆனா மூண்டு நாளா நெத்தியில திருநீறு பூச இடமில்லை!"

இரணைமடுவில் பூட்டு

சாமான் களவு போகும் என்று பயந்த ஓர் அதிகாரி, குளத்தடி மீன் சந்தைப் பெட்டிக்குப் பூட்டுப் போடுவித்தார். பூட்டின் திறப்பு அலுவலகத்தில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மீன் வெட்டுபவரின் கத்தி வழுக்கி மணிக்கட்டில் இறங்கியது. வியாபாரி ராணி தராசுப் படிக்கல்லை எடுத்து இரண்டே அடியில் பூட்டை உடைத்தா. பட்டியை எடுத்து இறுக்கினதும் இரத்தம் நின்றது.

திங்கட்கிழமை, பூட்டு உடைந்ததுக்கு விளக்கம் கேட்டு எழுத அதிகாரி வந்தார். நானும் பக்கத்தில் நின்றேன். ராணி கை கழுவிக்கொண்டு வந்தா. அன்று பின்னேரமே எல்லாப் பெட்டிகளின் பூட்டையும் அதிகாரியே கழற்றிவிட்டார். ராணி அவரிடம் சொன்னது: "பூட்டை உடைச்சது நான்தான், எழுதுங்கோ. ஆள் உயிரோட நிக்கிறார், அதையும் எழுதுங்கோ."

வன்னிச் சனத்துக்கு இரத்தத்தை நிறுத்தப் படிப்பிக்கவென்று சபை எனக்குச் சம்பளம் தருகிறது. இந்த வகுப்புகளில், சம்பளமும் வாங்கிக்கொண்டு, அதிகம் படித்தது யார் என்பது மட்டும் சபைக்கு இன்னும் தெரியாது.